சபையாரும் ஊராரும்: யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளின் கூட்டுவாழ்வு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஈழத்துத் தமிழர் வரலாற்றில் அமெரிக்க மிஷன் பெறும் இடத்தைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கால்வைத்த அம்மிஷனரிமார் நிறுவிய கல்விக்கூடங்கள், நடத்திய பத்திரிகை, மேற்கொண்ட அகராதி முயற்சிகள், அமைத்த வைத்தியசாலை என்பன மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்பட்டுள்ளன. வட்டுக்கோட்டைச் செமினரியைக் குறிப்பிடாது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வி பற்றிப் பேசுதல் இயலாது என்னும் நிலை இன்று நிலைபெற்றுவிட்டது. ஆயின், ஞாயிறுதோறும் மணியோசை கேட்டுத் தேவாலயத்தில் வந்தமர்ந்த மக்கள் எத்தகையோர், அவர்களை ஒருவரோடொருவர் பிணைத்து நின்றது யாது, அப்பிணைப்பு ஊரின் ஏனைய பிணைப்புகளோடு எவ்வாறு இசைந்தும் முரண்பட்டும் நின்றது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. கல்லூரிகளின் வரலாற்றுக்குப் பின்னாற் சபையின் வரலாறு மறைந்து நிற்கிறது.

இம்மறைவுக்குக் காரணம் உண்டு. சபைபற்றி இதுகாறும் இருவகைப் பேச்சுகளே நிலவிவந்துள்ளன. ஒன்று, நூற்றாண்டு மலர்களிலும் ஆண்டறிக்கைகளிலும் காணப்படுவது. அதிற் சபை என்பது குறையற்ற ஒரு குடும்பம். அதன் உறுப்பினர் யாவரும் விசுவாசத்திற் சிறந்தோர். மற்றையது, சைவத்தின் சார்பில் நின்று கண்டனம் எழுதியோர் விட்டுச்சென்ற மரபு. அதிற் சபை என்பது சம்பளத்துக்கும் உத்தியோகத்துக்குமாகச் சேர்ந்த ஒரு கூட்டம். இவை இரண்டும் எதிரெதிராய்த் தோன்றினும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன. சபையாரைத் தம் ஊரில், தம் உறவினர் நடுவே, தம் வயலும் வளவும் சீதனமும் வழக்குமாக வாழ்ந்த மனிதராக இரண்டுமே காணவில்லை.

அமெரிக்கர் வந்தபோது கிறிஸ்தவம் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. போர்த்துக்கேயர் காலத்தை விடுத்து ஒல்லாந்தர் காலத்தை மட்டும் நோக்கினும், கோவிற்பற்றுத்தோறும் தேவாலயமும் அதனோடு சேர்ந்த பாடசாலையும் இருந்தன; மக்களின் ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. அரசாங்க உத்தியோகம் பெறுதற்கும் விவாகம் சட்டப்படி செல்லுபடியாதற்கும் அப்பதிவு வேண்டப்பட்டமையின், பெருந்தொகையினர் ஏட்டளவிற் கிறிஸ்தவராயினர். ஆங்கிலேயர் ஆட்சி வந்து நிர்ப்பந்தம் நீங்கிய சில ஆண்டுகளுள் அத்தொகை கரைந்துபோயிற்று. தோம்பில் இருந்தது பெயர்ப்பட்டியல், சபை அன்று. அப்பட்டியலில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே எவ்வித கடப்பாடும் இருந்ததில்லை.

அமெரிக்க மிஷனரிமார் இவ்வனுபவத்தை அறிந்தே தொடங்கினர் எனலாம். டானியல் பூவர் தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் நடத்திய பணியிற் பாடசாலைக்கு வந்தோர் பலர். சபையிற் சேர்க்கப்பட்டோர் மிகச் சிலர். ஞானஸ்நானம் கேட்டவர் நெடுங்காலம் பரீட்சைக்குட்படுத்தப்பட்டார். மனமாற்றம் உண்மையானதா என விசாரிக்கப்பட்டது. சபையார் முன்னிலையில் உடன்படிக்கை ஏற்றபின்னரே அவர் திருவிருந்துப் பந்திக்கு உரியவரானார். ஏற்ற உடன்படிக்கையை மீறியவர், எடுத்துக்காட்டாகக் கோயிற் சடங்கிலே பங்குகொண்டவர், பந்தியினின்று விலக்கப்பட்டார். பிறப்பால் அன்றிச் சாட்சியால் உட்புகும் ஒரு கூட்டம் யாழ்ப்பாணக் கிராமத்தில் இதுவே முதன்முதலாகத் தோன்றியது எனக் கொள்ளுதல் தவறாகாது. ஊர், சாதி, கோயில், குடும்பம் என்பவற்றுள் எதனையும் ஒருவன் தெரிந்தெடுப்பதில்லை, அவற்றுட் பிறக்கிறான். சபையையோ அவன் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. சபையும் அவனைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. பழந்தமிழிற் புலவரும் சான்றோரும் கூடிய இடத்தைக் குறித்து நின்ற ஒரு சொல், எழுத்தறிவு குறைந்த கமக்காரனும் அவன் மனைவியும் வாய்திறந்து சாட்சி கூறும் இடத்தைக் குறிக்கலாயிற்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இம்மிஷனரிமார் சார்ந்திருந்த சபைமுறை, ஒவ்வோர் ஊர்ச்சபையும் தன்னைத் தானே ஆளவேண்டும் என்னும் கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. போதகரைத் தெரிதல், கணக்குப் பார்த்தல், உறுப்பினரைச் சேர்த்தல், நீக்கல் ஆகிய யாவும் சபையாரின் பொறுப்பு. கொள்கை அவ்வாறாயினும் நடைமுறை நெடுங்காலம் வேறாக இருந்தது. உபதேசியார், ஆசிரியர், அச்சுக்கூடத் தொழிலாளர் எனச் சபையின் முக்கிய உறுப்பினருட் பலர் மிஷனிடம் சம்பளம் பெற்றோர். சம்பளம் தருபவரை எதிர்த்துக் கையுயர்த்தும் சுதந்திரம் ஏட்டில் இருந்ததேயன்றி வீட்டில் இருக்கவில்லை. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அன்டர்சன் சுதேச போதகரின்கீழ்த் தன்னாட்சியுள்ள ஊர்ச்சபைகள் உருவாகவேண்டும் என வலியுறுத்தினார். அதே ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரியும் மூடப்பட்டது. சபையின் சுயாட்சி என்னும் நல்ல கொள்கை, சபையார் விரும்பிய உயர்கல்வியைப் பறிக்கும் கட்டளையோடு சேர்ந்து கடல்கடந்து வந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று. செமினரி வேண்டுமா வேண்டாமா என்பது சபையாரின் தீர்ப்புக்கு விடப்பட்டிருப்பின் விடை வேறாகவே இருந்திருக்கும். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியமைக்கு உள்ளூர்க் கிறிஸ்தவரின் முயற்சி முக்கிய காரணமாயிருந்தமை இதனை உறுதிப்படுத்துகிறது.

சபையின் உண்மையான சுயாட்சி யாப்பிலன்றி அடுக்களையிலே தொடங்கிற்று என்று கூறுதல் மிகையாகாது. பிடியரிசி வழக்கம் இங்கு விரித்து நோக்கப்பட வேண்டியது. வீட்டுப் பெண் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இடுவாள். அவ்வாறு சேர்ந்த அரிசி குறித்த நாளிற் சேகரிக்கப்பட்டு விற்கப்படும். பணம் ஊழியத்துக்குச் செல்லும். சைவக் கோயிலுக்கும் மடத்துக்கும் பிடியரிசி கொடுக்கும் வழக்கம் தமிழர் முன்பே அறிந்ததுதான். சபை அதனைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, ஒழுங்குபடுத்தியது. ஆயினும் யாழ்ப்பாணத்துச் சொத்துமுறையோடு வைத்து நோக்கும்போது இதன் பொருள் வேறாகிறது. தேசவழமைச் சட்டத்தின்படி பெண்ணுக்குச் சீதனச் சொத்து உண்டு. எனினும் விவாகமான பெண் தன் பெயரிலுள்ள காணியையும் கணவனின் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது. காணிக்குச் சம்மதம் வேண்டும். பிடி அரிசிக்கு எவர் சம்மதமும் வேண்டியதில்லை. ஆண்மகன் ஞாயிறன்று தட்டில் இடும் காசு அவனுடைய மடியிலிருந்து வருவது. பெண் இட்ட அரிசியோ அவள் ஆளும் ஒரே இராச்சியத்திலிருந்து வருவது. அளவிற் சிறிதெனினும் சபையின் வரவிற் பெண்ணின் பங்கு அவள் பங்காகவே நின்றது. பெண்கள் தமக்கெனச் சங்கம் அமைத்துக் கூடிப் பேசவும் கணக்கு வைக்கவும் பழகியமைக்கு அப்பானையே வித்திட்டது.

தென்னையையோ பனையையோ ஒன்றைத் தேவனுக்கென நேர்ந்துவிடுதலும் இத்தகையதே. அம்மரத்தின் காய்கள் வீட்டுத் தேவைக்கு எடுக்கப்படா. பசியுள்ள வீட்டிலும் அந்த மரத்தின் கீழ் விழுந்த தேங்காய் வேறாக வைக்கப்பட்டது. இவ்வாறான சிறு ஈகைகளைக் கொண்டே 1847இல் உள்ளூர்க் கிறிஸ்தவர் தமக்கென ஒரு சுவிசேஷ சங்கத்தை அமைத்து, நெடுந்தீவு முதலிய தீவுப்பகுதிகளுக்குத் தாமே ஊழியரை அனுப்பினர். அமெரிக்கப் பணத்தின் நிழலில் வாழ்ந்தோர் எனப் பழிக்கப்பட்டவர்கள், தம் அரிசியிலும் தேங்காயிலும் வந்த பணத்தைக் கொண்டு கடல்தாண்டிப் பாடசாலையும் போதனையும் நடத்தினர் என்பது கண்டனக்காரர் கண்ணிற் படாத செய்தி.

ஆண்டுதோறும் நடைபெறும் அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகை சபையின் கூட்டுணர்வு முழுமையாக வெளிப்படும் நாள். வாழைக்குலை, பூசணி, மரவள்ளிக் கிழங்கு, தேங்காய், சேவல், நெற்கதிர், பெண்கள் செய்த பலகாரம் என யாவும் தேவாலயத்துட் குவிக்கப்படும். ஆராதனை முடிந்தபின் வெளியில் ஏலம் நடைபெறும். ஏலத்தை நடத்துபவர் பெரும்பாலும் ஊரிற் பகிடிக்குப் பெயர்பெற்ற ஒருவராகவே இருப்பார். எடுத்தவர் மறுபடியும் ஆலயத்துக்கே கொடுக்க, ஒரே குலை மீண்டும் மீண்டும் ஏலத்துக்கு வருவதுண்டு. சந்தையில் எவரும் கொடாத விலைக்கு ஒரு பூசணி போகும். பண்டமாற்றின் விதி யாவும் இங்குத் தலைகீழாகின்றன. கூடுதலாகக் கொடுத்து ஏமாறியவனே வென்றவனாகிறான். எனினும் இதனை முற்றிலும் களங்கமற்ற மகிழ்ச்சியாகக் கொள்ளுதலும் பொருந்தாது. யார் எவ்வளவுக்குக் கேட்டார் என்பது அடுத்த ஆண்டு வரையும் நினைவில் நிற்கும். கொழும்பிலிருந்தோ மலாயாவிலிருந்தோ விடுமுறைக்கு வந்த உத்தியோகத்தர் தம் நிலையை ஊருக்கு அறிவிக்கும் மேடையும் அதுவே. காசற்றவன் குலையைக் கொண்டுவருபவன். காசுள்ளவன் அதனை எடுப்பவன். கொடுத்தல் இருவருக்கும் பொதுவாயினும் கைதட்டல் ஒருவனுக்கே கிடைத்தது.

பெண்கல்வியைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ தொடங்கிய உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையின் புகழ் யாவரும் அறிந்தது. எலைசா அக்னியூ அங்கு 1840 முதல் 1879 வரை பணியாற்றினார். சபையோடு தொடர்புடைய ஒரு செய்தியை மட்டும் சுட்டலாம். அப்பாடசாலையிற் கற்றுக் கிறிஸ்தவரை மணந்த பெண்களுக்கு ஆரம்பகாலத்தில் மிஷனே ஒரு சிறு தொகையைச் சீதனமாக வழங்கிற்று. படித்த கிறிஸ்தவ இளைஞனுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவி வேண்டும். இல்லையேல் அவன் சைவக் குடும்பத்தில் மணம்செய்து சபையை விட்டு நழுவுவான் என்பது மிஷனரிமாரின் கணிப்பு. கணிப்புச் சரியானதே. ஆயின் அதன் வழியே யாழ்ப்பாணச் சமூகத்தின் மிகக் கொடிய வழக்கங்களுள் ஒன்று தேவாலய வாசலிலே வரவேற்கப்பட்டுவிட்டது. ஊரை மாற்றவந்த சபை ஊரின் நாணயத்திலேயே பேரம் பேசிற்று.

சாதிப் பிரச்சினையில் இது மேலும் தெளிவாகத் தெரிகிறது. ஆரம்பகால விடுதிப் பாடசாலைகளில் மாணவர் மிஷன் வளவினுட் சமைத்த உணவை உண்ண மறுத்தமையும், அவர்களுக்கென உயர்சாதிச் சமையற்காரரையும் வேறான அடுக்களையையும் ஏற்படுத்த நேர்ந்தமையும் மிஷன் வரலாறுகளே கூறும் செய்திகள். அவ்விணக்கம் தற்காலிகமானதெனவே கருதப்பட்டது. மிஷனரிமார் காலப்போக்கிற் பொதுப்பந்தியை வற்புறுத்தினர். திருவிருந்திலே ஒரே கிண்ணத்தில் அருந்துதலைச் சபை உறுப்புரிமையின் அடையாளமாக்கினர். இதில் அவர்கள் காட்டிய உறுதி, தமிழகத்துச் சில பழைய சபைகளின் நடைமுறையோடு ஒப்பிடும்போது பாராட்டத்தக்கது. எனினும் கிண்ணத்தில் முடிந்த சமத்துவம் விவாகத்திற் தொடங்கவில்லை. செமினரியிற் கற்றோரும் சபையின் தலைமைக்கு வந்தோரும் பெரும்பாலும் வெள்ளாளர். அவர்கள் மதத்தை மாற்றினரேயன்றிச் சம்பந்தக் குடும்பங்களை மாற்றவில்லை. ஞாயிறு காலையிற் சகோதரர் என விளிக்கப்பட்டவர் திங்கள் காலையிற் படலைக்கு வெளியே நிற்கவேண்டியிருந்தது. சாதி வேறுபாட்டைச் சபை உபதேசத்தாற் கண்டித்தது. விவாகப் பதிவேட்டால் அங்கீகரித்தது.

பெயர் விடயத்திலும் இவ்விரட்டைத் தன்மை புலனாகிறது. விடுதி மாணவருக்குப் பணம் உதவிய அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் அம்மாணவருக்கு இடப்பட்டன. 1841இல் தொடங்கிய உதயதாரகையின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகியோர் பெயரளவிலேயே அமெரிக்கர். பிறப்பால் யாழ்ப்பாணத் தமிழர். புதுப்பெயர் பழைய குலத்தின் அடையாளத்தை மறைக்கும், அதனால் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பர் என ஒருவர் எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது அதுவன்று. நாளடைவில் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என அமெரிக்கப் பெயர் முன்னும் பிள்ளைப் பட்டம் பின்னுமாக இரண்டும் கைகோத்து நின்றன. 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலை 1886இல் வெளியிட்டுத் தமிழ்ப் புலவர் வரலாற்றுக்கு அடித்தளமிட்ட சதாசிவம்பிள்ளையின் புலமைபற்றி ஐயமில்லை. சபையாரின் பெயர்ப்பட்டியலே சபையின் மனநிலையைக் காட்டும் ஆவணமாயிற்று என்பதே இங்குக் கருத்து.

இன்னுமொரு முரணும் உண்டு. இச்சபைகளில் உருக்கத்தோடு பாடப்பட்ட கீர்த்தனைகளுட் பல தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாருடையவை. தமிழிசை மரபினின்று விலகாது கிறிஸ்தவ பக்தியை வெளிப்படுத்திய அவரது ஆற்றலே சபையாரை அந்நியப் பாட்டின் பிடியினின்று காத்தது. அதே சாஸ்திரியார் 1820களில் தஞ்சைச் சபையிற் சாதி வேறுபாடுகளை ஒழிக்க முயன்ற புதிய மிஷனரிமாரை எதிர்த்து, அவ்வேறுபாடுகளைப் பேணும் பக்கம் நின்று வாதிட்டவர். பண்பாட்டைக் காத்தவரும் சாதியைக் காத்தவரும் ஒருவரே. சுதேசப் பண்பாடு எனப் பொதுவிற் போற்றப்படுவதனுள் எவையெவை அடங்கியுள்ளன எனப் பகுத்துணராது போற்றுதல் ஆபத்தானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கீர்த்தனைக்குப் பதிலாக மேனாட்டு ஞானப்பாட்டை விரும்பிய சபையார் எல்லோரும் முற்போக்காளரும் அல்லர். அவர்களுட் பலருக்கு அது நாகரிகச் சின்னமே.

சபையின் உள்ளே நிறைவேறாத சமத்துவம் சபையின் ஓரத்தில் வளர்ந்த இளைஞரிடம் அரசியலாயிற்று. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ், யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்ற ஹன்டி பேரின்பநாயகம் போன்றோரின் முயற்சியால் உருவாயிற்று. தீண்டாமையை எதிர்த்தலையும் தாய்மொழியையும் தேசிய ஒற்றுமையையும் அது ஒருசேர வலியுறுத்திற்று. 1927இற் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. 1930ஐ அண்டிய ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளிற் சகல மாணவரும் சமமாக வாங்குகளில் அமர வேண்டும் என்னும் விதி நடைமுறைப்படுத்தப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு யாவரும் அறிந்தது. பாடசாலைக் கட்டடங்கள் எரிக்கப்பட்டன. மிஷன் பாடசாலைகளிற் சில அவ்விதிக்கு முன்னரே சமஆசனத்தை ஏற்றிருந்தமை உண்மை. நூறாண்டுகளுக்கு மேலாகச் சமத்துவத்தைப் போதித்த சபைகள் வாழ்ந்த ஊர்களிலும் ஒரு வாங்கு இத்துணைக் கொந்தளிப்பை ஏற்படுத்த முடிந்தமையும் உண்மை.

ஊரின்மீது சபை செலுத்திய ஆழ்ந்த செல்வாக்கை மதம் மாறியோரின் தொகையைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. அச்செல்வாக்கு வடிவங்களின் வழியே சென்றது. யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்றுப் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், 1847இன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். வாரந்தோறும் கூடுதல், மேடையிலிருந்து உரைநடையில் விளக்குதல், வினாவிடை வடிவிற் சமய பாடம் அமைத்தல், பாடசாலையையும் அச்சுக்கூடத்தையும் சமயத்தின் இரு கைகளாக்குதல் ஆகிய யாவும் சபையார் பழகியிருந்த முறைகள். சைவம் அவற்றை எடுத்துத் தன்னைக் காத்துக்கொண்டது. நாவலரைப் போற்றுவோர் இதனை எதிரியின் ஆயுதத்தைப் பறித்த சாமர்த்தியமாகக் கூறுவர். சபை கண்ட மிகப்பெரிய வெற்றி அதன் எதிரியினிடத்தே நிகழ்ந்தது எனவும் அதனைக் கூறலாம். ஆயினும் நாவலரும் சபையாரும் ஒத்துநின்ற இன்னோர் இடம் உண்டு. கோயிலின் உள்வீதிக்கு வர அனுமதிக்கப்படாதோரைப் பற்றி முன்னவர் போக்குப் பழமை சார்ந்தது. பின்னவர் போக்குத் தயக்கம் சார்ந்தது. விளைவில் வேறுபாடு பெரிதன்று.

சபையாரின் அகவாழ்வை அறிய ஆண்டறிக்கைகளினும் புனைகதை உதவும். மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட 'நொறுங்குண்ட இருதயம்' ஈழத்து நாவல் வரலாற்றிற் பெண்ணொருவரின் ஆரம்ப முயற்சியாக மதிக்கப்படுவது. அதன் தலைப்பே ஐம்பத்தோராம் சங்கீதத்தை நினைவூட்டுவது. அதன் களம் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள். நாயகி கண்மணி இல்லறத்திற் படும் துன்பமும் அதனை அவள் பொறுமையோடும் பக்தியோடும் ஏற்பதும் கதையின் உயிர்நாடி. போதனை நோக்கம் மேலோங்கிய நாவல் இது எனக் குறை கூறப்படுவதுண்டு. அக்குறை ஒருபுறமிருக்க, அது தன்னையறியாமலே தரும் சாட்சியம் முக்கியமானது. குடும்ப ஜெபம் தவறாத வீட்டிலும் பணமும் அந்தஸ்தும் விவாகத்தைத் தீர்மானிக்கின்றன. துன்பம் நேரும்போது சபை பெண்ணுக்கு அளிப்பது ஆறுதல், தீர்வு அன்று. துன்புறுத்துபவனின் மனந்திரும்புதலுக்காகக் காத்திருத்தலே அவளுக்கு விதிக்கப்பட்ட பங்கு. கோயிற் சடங்கிற் கலந்துகொண்டவரைப் பந்தியினின்று விலக்கும் உறுதிபடைத்த சபை ஒழுங்கு, மனைவியை வருத்துபவனின் வீட்டு வாசலில் ஏன் தயங்கி நின்றது என்னும் வினாவை நாவலாசிரியை எழுப்பவில்லை. வாசகன் எழுப்பாதிருக்க முடியாது. அதே வேளையில், அத்துன்பத்தை ஒரு பெண் எழுத முடிந்ததும் அச்சிட முடிந்ததும் அச்சபை அளித்த எழுத்தறிவாலேயே என்பதையும் மறுத்தல் நேர்மையன்று.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சபையின் அமைப்பு மெல்ல மாறிற்று. ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றனர். தேவாலயம் புதுக்கப்பட்டது, வாங்குகளில் அமர்வோர் குறைந்தனர். 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்ததன் மூலம் ஊர்ச்சபைகள் பெரியதோர் அமைப்பின் உறுப்புகளாயின. தமிழ் வேதாகம வரலாற்றை எழுதிய சபாபதி குலேந்திரன் முதற் பேராயராக அமைந்தமை அறிவுலகிற் சபைக்குப் பெருமை தந்தது. தன்னைத் தானே ஆளும் ஊர்ச்சபை என்னும் பழைய கொள்கை அங்கே பேராயர் முறையோடு சமரசம் செய்துகொண்டது. அச்சமரசம் எவ்வளவு மெல்லியது என்பதை, 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாண ஆதீனத்திலே நேர்ந்த பிளவும் அதன் பின் எழுந்த தனித் திருச்சபையும் வெளிப்படுத்தின. 1939இல் மருதனார்மடத்தில் அமைந்த கிறிஸ்து சேவா ஆச்சிரமம் சபையின் மேனாட்டுத் தோற்றத்துக்கு ஒரு மறுப்பாக எழுந்தது. எளிமையும் உடலுழைப்பும் தமிழ் வழிபாட்டு முறையும் அங்குப் பேணப்பட்டன. அம்முயற்சி மதிக்கப்பட்டது; பெருமளவிற் பின்பற்றப்படவில்லை.

1960ஆம், 1961ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டமை வேறுவகையில் ஆழமான மாற்றம். யாழ்ப்பாணக் கல்லூரியும் உடுவில் மகளிர் கல்லூரியும் தனித்து நின்றன. சிறிய ஊர்ப்பாடசாலைகள் கைமாறின. இதனைச் சபையார் இழப்பாகவே கருதினர். ஊர்ப்பாடசாலை ஆசிரியரே ஓய்வுநாட் பாடசாலையின் ஆசிரியர், பாடகர் குழுவின் தலைவர், செத்தவீட்டில் முதலில் வந்து நிற்பவர். அவரை இழந்த சபை தன் கைகால்களை இழந்தது என்பது மெய். ஆனால் வேலைவாய்ப்பின் கதவாகச் சபை இருந்த காலமும் அத்தோடு முடிந்தது. அதன்பின் ஞாயிறன்று வந்தவர் ஞாயிறுக்காகவே வந்தவர். தொகை குறைந்தாலும் 'உத்தியோகக் கிறிஸ்தவர்' என்னும் பழிச்சொல்லுக்கு இடமில்லாது போயிற்று.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோதும் 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சி நோக்கி நடந்தபோதும் சபையாரும் ஊராரும் என்னும் பிரிவு பொருளிழந்தது. தேவாலயம், பாடசாலை, கோயில் மண்டபம் யாவும் ஒரே தேவைக்கு உதவின. ஒரே அடுப்பிற் சமைத்து ஒரே வரிசையில் நின்று வாங்கியுண்ட அந்நாட்களில், நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் தனி அடுக்களை கேட்ட வரலாறு எவர் நினைவிலும் இருந்திராது. நெருக்கடி தணிந்ததும் பழைய கோடுகள் மெல்ல மீண்டும் வரையப்பட்டன. இடம்பெயர்ந்தோரின் காணி, கிணறு, சேமக்காலை உரிமை பற்றிய பேச்சுகளில் அவை முதலிலே தலைகாட்டின.

புலம்பெயர்ந்தோர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஞாயிறு பிற்பகலில் வாடகைக்கு எடுத்த தேவாலயங்களிற் கூடி அதே கீர்த்தனைகளைப் பாடுகின்றனர். தம் ஊர்த் தேவாலயத்தின் கூரைக்கும் சுவருக்கும் பணம் அனுப்புகின்றனர். கட்டடம் அதனாற் செழிக்கிறது. அதே ஊர்களில், போருக்குப் பின் கொட்டகைகளிலும் வீட்டு முற்றங்களிலும் புதிய சுயாதீன சபைகள் எழுந்துள்ளன. அவற்றின் பெருஞ்சத்தத்தையும் சுகமளிக்கும் கூட்டங்களையும் பழைய சபையார் ஏளனத்தோடு நோக்குவர். அங்குச் செல்வோருட் கணிசமானோர் கூலி உழைப்பாளர், போரில் உறவிழந்த பெண்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். புதுப்பிக்கப்பட்ட தேவாலயத்தின் வாங்குகளில் இடம் இருக்க, அவர்கள் பாய் விரித்த தரையைத் தெரிந்துகொண்டனர்.